கடைப்பிடி என்னும் மருந்து: பௌத்த தியானமும் மனச்சோர்வுச் சிகிச்சையும்

2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு மருத்துவ ஆய்வின் முடிவில் விடுகதை போன்ற ஒன்று இருந்தது. மனச்சோர்வு நோயிலிருந்து மீண்டு, மருந்தையும் நிறுத்திவிட்டிருந்த 145 பேர் டொரன்டோ, கேம்பிரிட்ஜ், வேல்ஸின் பாங்கர் ஆகிய மூன்று ஊர்களில் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பிரிவினர் தேவைப்பட்டபோது தங்கள் மருத்துவரைப் பார்ப்பதோடு நின்றார்கள்; மற்றொரு பிரிவினர் அதனுடன் எட்டு வாரத் தியானப் பயிற்சி ஒன்றையும் பெற்றார்கள். அதற்குமுன் மூன்று முறையோ அதற்கு மேலோ நோய்வாய்ப்பட்டிருந்தவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது, பயிற்சி பெறாதவர்களில் 66 விழுக்காட்டினருக்கு ஆய்வுக் காலத்துக்குள் நோய் திரும்பியிருந்தது. பயிற்சி பெற்றவர்களில் அது 37 விழுக்காடு. ஆனால் அதுவரை இரண்டே முறை நோய் கண்டவர்களுக்குப் பயிற்சியால் எந்த நன்மையும் தெரியவில்லை. நோய் பழையதாக ஆக மருந்து பிடிப்பது கடினம் என்பதே நாம் கேட்டுப் பழகிய வைத்திய நியாயம். இங்கே பழைய நோயாளிக்குத்தான் மருந்து பிடித்தது.

அந்தப் பயிற்சிக்கு மைண்ட்ஃபுல்னஸ் அடிப்படையிலான காக்னிடிவ் தெரபி என்று பெயர். அதன் மூலம் பௌத்தம். செல்பேசிச் செயலிகள் மன அமைதி என்ற பெயரில் விற்கும் பண்டத்துக்கும் இந்தச் சிகிச்சைக்கும் உள்ள வேறுபாடு மேற்சொன்ன விடுகதைக்குள்தான் ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அதை அவிழ்க்க முதலில் ஒரு சொல்லைப் பார்க்க வேண்டும்.

மைண்ட்ஃபுல்னஸ் என்பதற்குத் தமிழில் இன்று பல பெயர்கள் வழங்குகின்றன. விழிப்புணர்வு என்றால் டெங்குக் கொசு ஒழிப்புப் பேரணி நினைவுக்கு வருகிறது. முழுக்கவனம் பரவாயில்லை. மனநிறைவு என்பது வேறொன்று. கணினி மொழிபெயர்ப்புகளில் தலைகாட்டும் நினைவாற்றல் என்பதைப் பிழை என்று சிரித்து ஒதுக்குகிறோம். வேடிக்கை என்னவென்றால், மூலத்துக்கு மிக அருகில் இருப்பது அதுதான். பாலி மொழியில் இதற்குச் சதி என்று பெயர். வடமொழியின் ஸ்மிருதி, அதாவது நினைவு. இலங்கையில் ஆங்கிலேய அரசின் அதிகாரியாக இருந்தபோது பாலி கற்ற ரைஸ் டேவிட்ஸ், 1881இல் வெளியான தம் மொழிபெயர்ப்பில் அதற்கு மைண்ட்ஃபுல்னஸ் என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அதுவே நிலைத்தது.

தமிழில் பௌத்தம் பற்றி எழுதியவர்கள் எண்வகை மார்க்கத்தில் வரும் இந்த உறுப்பை நற்கடைப்பிடி என்று பெயர்த்திருக்கிறார்கள். கடைப்பிடித்தல் இன்று நமக்கு விதிகளைப் பின்பற்றுவது. பழைய தமிழில் அது வேறு. அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி என்று தலைவனுக்குரிய நான்கு குணங்களைச் சொல்லும் களவியல் உரை, கடைப்பிடி என்பதற்குக் கொண்ட பொருளை மறவாமை என்று விளக்கம் தருகிறது. சதி என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. பாலி நூல்களில் இந்தச் சதிக்கு வரும் உவமையும் இதையே காட்டுகிறது. எல்லைப்புறக் கோட்டையின் வாயிற்காவலன் ஒருவன். தெரிந்தவரை உள்ளே விடுவான், தெரியாதவரைத் தடுப்பான். வருகிறவர் போகிறவரை ஒன்றும் சொல்லாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பவன் அல்ல அவன். முகங்களை நினைவில் வைத்திருந்து இனங்காண்பதே அவன் வேலை.

இன்னொரு சொல்லும் நமக்குத் தடையாக நிற்கிறது. பாலியின் வேதனா தமிழில் வேதனையாகி, துன்பம் என்ற ஒற்றைப் பொருளில் சுருங்கிவிட்டது. மூலத்தில் அது இன்பமாகவோ துன்பமாகவோ இரண்டுமின்றியோ ஓர் அனுபவம் மனத்தில் படும் அந்த முதற்சுவையை மட்டும் குறிக்கும். மணிமேகலையின் கடைசிக் காதை, ஒன்றைச் சார்ந்து ஒன்று எழும் பன்னிரண்டு சார்புகளை வரிசைப்படுத்தும்போது இதை நுகர்வு என்கிறது. ஊறு, அதாவது தொடுகை, அதிலிருந்து நுகர்வு, நுகர்விலிருந்து வேட்கை, வேட்கையிலிருந்து பற்று. வேட்கை என்றதும் ஆசையை மட்டுமே நினைக்க வேண்டியதில்லை. இது எனக்கு வேண்டாம், இது இல்லாமல் போக வேண்டும் என்ற தவிப்பையும் பௌத்தம் வேட்கையின் கூறாகவே கொள்கிறது. கண்ணும் காதும் உள்ளவரை நுகர்வைத் தடுக்க முடியாது. நுகர்வு வேட்கையாக மாறும் கணுவில்தான் இடைமறிக்க இயலும்.

பாலி பௌத்த நூல்தொகுப்புகளில் ஒன்றான சம்யுத்த நிகாயத்தில் வரும் இரண்டு அம்புகளின் உவமை இந்தக் கணுவைப் பற்றியது. பயிற்சியற்றவன் துன்பம் தொட்டவுடன் புலம்பி மார்பில் அடித்துக்கொள்கிறான். அதனால் உடலில் ஒன்றும் மனத்தில் ஒன்றுமாக இரண்டு வலிகளை அடைகிறான். ஓர் அம்பு தைத்தவன்மீது உடனே இன்னோர் அம்பும் தைத்ததுபோல. பயிற்சியுள்ளவனுக்கும் முதல் அம்பு தைக்கவே செய்கிறது.

இனி மனச்சோர்வுக்கு வருவோம். இந்நோயின் கொடுமை அது வருவதில் மட்டும் இல்லை, திரும்பத் திரும்ப வருவதில் இருக்கிறது. ஒருமுறை வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு மறுபடி வரும் என்றும், முறைகள் கூடக்கூட அடுத்த முறைக்கான வாய்ப்பும் கூடும் என்றும் மருத்துவ நூல்கள் சொல்கின்றன. ஏன் கூடுகிறது என்பதற்கு ஜான் டீஸ்டேல் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1980களில் ஒரு விளக்கத்தை முன்வைத்தார். நோய்க் காலத்தில் சோகமும், நான் எதற்கும் லாயக்கில்லாதவன், இனி எதுவும் சரியாகாது என்ற எண்ணங்களும் ஒன்றாகவே மனத்தில் கிடந்து ஒன்றோடொன்று பின்னிப்போகின்றன. குணமான பிறகு எல்லோருக்கும் வரும் சாதாரண வருத்தம் ஒன்று வந்தால்போதும், அந்த நூலைப் பிடித்துக்கொண்டு பழைய எண்ணங்கள் முழுவதும் வெளியே வந்துவிடுகின்றன. குணமானவர்களைச் சோகமான இசை கேட்கவைத்து, கடந்தகால வருத்தம் ஒன்றையும் நினைத்துக்கொள்ளச் சொல்லிச் சோதித்தார்கள். அந்தச் சில நிமிட வருத்தத்தில் எண்ணங்கள் பழைய தடத்துக்கு அதிகமாகச் சரிந்தவர்களுக்கே பின்னாளில் நோய் அதிகம் திரும்பியது.

சரிந்தபின் அவர்கள் சும்மா இருப்பதுமில்லை. எனக்கு ஏன் இப்படி, எங்கே தவறினேன் என்று துருவித் துருவி யோசிக்கிறார்கள். பிரச்சினையைத் தீர்க்க யோசிப்பதுதானே அறிவு? வெளியுலகப் பிரச்சினைகளுக்கு அது சரி. ஆனால் வருத்தத்தைத் தீர்க்க வருத்தத்தையே அசைபோடும்போது அது மேலும் கெட்டிப்படுகிறது. இரண்டாவது அம்பை எய்பவர் யாரென்று இந்த இடத்தில் தெளிவாகத் தெரியும். அவர் எய்வது தீய எண்ணத்தோடும் அல்ல, தப்பிக்கும் அவசரத்தில்.

டீஸ்டேலும், பாங்கரின் மார்க் வில்லியம்ஸும், டொரன்டோவின் ஸிண்டெல் சீகலும் 1990களின் தொடக்கத்தில் தேடியது பௌத்தத்தை அல்ல. குணமானவர்களுக்கு நோய் திரும்பாமல் காக்கும் ஒரு காக்னிடிவ் சிகிச்சையை வகுப்பதே அவர்கள் ஏற்றிருந்த வேலை. வழக்கமான காக்னிடிவ் சிகிச்சையில் எண்ணத்தின் உள்ளடக்கத்தைக் குறுக்கு விசாரணை செய்து, அது உண்மைதானா, எதிர்ச்சான்று உண்டா என்று கேட்பார்கள். அது பயன் தருவது நிரூபணமானது. ஆனால் பயன் தருவதற்குக் காரணம் எண்ணம் திருத்தப்படுவதா, அல்லது திருத்துவதற்காகத் தள்ளிவைத்துப் பார்க்கும்போது, இது ஓர் எண்ணம் மட்டுமே என்று தெரிந்துவிடுவதா என்ற ஐயம் அவர்களுக்கு எழுந்தது. இரண்டாவதுதான் காரணம் என்றால், விசாரணையை விட்டுவிட்டுத் தள்ளிநின்று பார்ப்பதை மட்டும் பயிற்றலாமே.

அதைப் பயிற்றும் இடம் ஒன்று அமெரிக்காவில் வூஸ்டர் நகரத்து மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1979 முதலே இயங்கிவந்தது. மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் பெற்ற ஜான் கபாட்-ஸின், மருத்துவர்கள் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பிவைத்த நாட்பட்ட வலி நோயாளிகளுக்கு அங்கே தியானம் கற்பித்தார். 1982இல் அவர் வெளியிட்ட முதல் ஆய்வில் இருந்தவர்கள் 51 பேர். மருத்துவமனையில் புத்தரின் பெயரை எடுத்தால் கதவு சாத்தப்படும் என்று அஞ்சி, பௌத்த வாடையே வராமல் பார்த்துக்கொண்டதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். பெயர் மறைந்தாலும் வழி மறையவில்லை. படுத்தபடி கால்விரல் முதல் உச்சந்தலை வரை கவனத்தை நகர்த்திச் செல்லும் அவருடைய உடல்நோக்குப் பயிற்சி, பர்மாவின் தலைமைக் கணக்காளராக இருந்துகொண்டே தியான ஆசிரியராகவும் விளங்கிய ஊ பா கின்னின் மரபிலிருந்து வந்தது. அவருடைய சீடர் கோயங்காவின் விபாசனா முகாம்களில் பத்து நாள் வாய்மூடி அமர்ந்த தமிழர்களுக்கு இந்தப் பயிற்சி புதிதாக இராது. இலங்கையின் கண்டிக் காட்டில் வாழ்ந்த ஜெர்மானியத் துறவி ஞானபோனிக தேரர் 1950களில் ஆங்கிலத்தில் எழுதி விளக்கிய வெறுங்கவனம், அதாவது தீர்ப்புச் சொல்லாமல் உள்ளதை அப்படியே கவனித்தல், என்ற கருத்தும் இதே வழியாக மேற்கே போனது.

மூவரும் வூஸ்டருக்குப் போய்ப் பார்த்தார்கள். திரும்பிவந்து அவர்கள் தங்கள் சிகிச்சைக்கு முதலில் வைத்த பெயர் கவனக் கட்டுப்பாட்டுப் பயிற்சி. தியானத்தை ஓர் உத்தியாக எடுத்துத் தங்கள் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம் என்றே நினைத்தார்கள். வூஸ்டர் ஆசிரியர்களோ, கற்பிப்பவர் தாமே அன்றாடம் தியானம் செய்பவராக இல்லாவிட்டால் இது நடக்காது என்று முதலிலேயே எச்சரித்திருந்தார்கள். சோதனை வகுப்புகளில் நோயாளி அழும்போதும், தியானத்தில் பயம் வருகிறது என்று சொல்லும்போதும், சிகிச்சையாளர்களின் பழைய பழக்கம் முந்திக்கொண்டது. உடனே எதையாவது சரிசெய்யப் புறப்பட்டார்கள். மறுபடி வூஸ்டருக்குச் சென்று, அங்கே ஆசிரியர்கள் அதே துன்பத்தைச் சரிசெய்ய முயலாமல் அருகிருந்து பார்க்கக் கற்பிப்பதைக் கவனித்த பிறகே சிகிச்சையின் வடிவம் மாறியது. இந்தச் சிகிச்சையின் வரலாற்றில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் திருப்பம் இதுதான். உளவியல் சிகிச்சையாளர் தம் பட்டத்தை வைத்துக்கொண்டு மட்டும் செய்ய முடியாத ஒரு வேலை அதற்குள் நுழைந்துவிட்டது.

வகுப்பு வாரம் ஒருமுறை, இரண்டு மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாக நடக்கும். வாரத்தில் ஆறு நாள், நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம் வீட்டுப் பயிற்சி உண்டு. முதல் நாள் ஓர் உலர்திராட்சையைக் கையில் கொடுத்து, இதற்குமுன் பார்த்திராத பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்து, முகர்ந்து, மெல்ல மென்று விழுங்கச் சொல்வார்கள். சிறுபிள்ளை விளையாட்டாகத் தெரியலாம். நாளெல்லாம் எவ்வளவை நினைவின்றிச் செய்கிறோம் என்பதை அதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. பிறகு உடல்நோக்கு, மூச்சுக் கவனம், மெல்லிய யோகாசனங்கள், மூன்று நிமிட மூச்சு இடைவேளை என்று போகும். ஆறாவது வாரத்தின் பாடம், எண்ணங்கள் உண்மைகள் அல்ல என்பது. ஏழாவது வாரத்தில் ஒவ்வொருவரும் தமக்கு நோய் வருவதற்கு முன் தென்படும் தனி அடையாளங்களை எழுதுகிறார்கள்: விடியற்காலையில் விழித்துக்கொள்வது, தொலைபேசி அடித்தால் எடுக்காமல் விடுவது, குளிக்கச் சோம்பல். அவை தென்பட்டால் என்ன செய்வது என்றும் அடுத்து எழுதுகிறார்கள்.

இப்போது அந்த விடுகதைக்குத் திரும்பலாம். 2004இல் 75 பேரைக் கொண்டு நடந்த அடுத்த ஆய்விலும் மூன்று முறையோ அதற்கு மேலோ நோய் கண்டவர்களுக்கே பயன் கிடைத்தது. இரண்டு முறை மட்டும் நோய் கண்டவர்களுக்குப் பெரும்பாலும் இழப்பு, பிரிவு போன்ற வெளி நிகழ்வுகளே காரணமாக இருந்தன என்றும், பலமுறை கண்டவர்களுக்கு நோய் உள்ளிருந்தே, அசைபோடும் பழக்கத்தின் வழியே எழுந்தது என்றும் ஆய்வாளர்கள் கருதினார்கள். இதைக் கடைப்பிடி என்ற சொல்லோடு சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது: வாயிற்காவலன் இனங்காண வேண்டுமானால் அந்த முகத்தை அவன் முன்பே பார்த்திருக்க வேண்டும். ஐந்து முறை நோயில் விழுந்து எழுந்தவருக்கு அதன் நடையுடை எல்லாம் தெரியும். தெரிந்தும் வரும் வேளையில் மறந்துபோகிறார். பயிற்சி அவருக்கு அமைதியைக் கொடுத்தது என்பதைவிட, வேளையில் நினைவைக் கொடுத்தது என்பதே பொருந்தும்.

2004இல் பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டும் அமைப்பான நைஸ் இச்சிகிச்சையைப் பரிந்துரைத்ததும் மூன்று முறையோ அதற்கு மேலோ நோய் கண்டு, இப்போது நலமாக இருப்பவர்களுக்குத்தான். அதன்பின் வந்த ஆய்வுகள் கலவையானவை. 2015இல் லான்செட் இதழில் வெளியான, 424 பேரை இரண்டாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், தியானப் பயிற்சியோடு மருந்தைப் படிப்படியாகக் குறைத்தவர்களில் 44 விழுக்காட்டினருக்கும், மருந்தையே தொடர்ந்தவர்களில் 47 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது. தியானம் மருந்தை வென்றுவிடும் என்று எதிர்பார்த்து நடத்தப்பட்ட ஆய்வு அது, வெல்லவில்லை. மருந்தைத் தொடர விரும்பாதவருக்கு ஒரு மாற்றுவழி உண்டு என்று மட்டும் சொல்லலாம். மருந்தை ஒருவர் தாமாக நிறுத்திவிட்டுத் தியானத்தில் உட்காரலாம் என்பது இதன் பொருள் அல்ல. ஆய்வில் குறைத்தவர்கள் மருத்துவர் துணையோடு குறைத்தவர்கள். இதைவிட நெருடலானது 2014இல் வந்தது. மார்க் வில்லியம்ஸ் குழு 274 பேரை எடுத்து, முழுப் பயிற்சி ஒரு பிரிவுக்கும், தியானத்தை மட்டும் நீக்கிவிட்டு மற்ற பாடங்கள் இன்னொரு பிரிவுக்கும் கொடுத்தது. மொத்தத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. குழந்தைப் பருவத்தில் கடுமையான கொடுமைக்கு ஆளானவர்களுக்கு மட்டும் தியானம் சேர்ந்த பயிற்சி கூடுதலாக உதவியது. தம் சொந்தச் சிகிச்சையை இப்படிக் கழற்றிப் பார்த்து, வந்த முடிவை மறைக்காமல் வெளியிட்ட நேர்மை பாராட்டத்தக்கது.

பிரிட்டனில் 85 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்திய பெரிய ஆய்வு 2022இல் வெளிவந்தபோது, எல்லோருக்கும் பொதுவாகத் தியான வகுப்பு நடத்துவதால் அவர்களின் மனநலம் மேம்படவில்லை என்று தெரிந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எதை மறவாதிருக்கக் கற்பிப்பது? வழக்கமான பாடவேளையில் அமைதியைப் புகட்டப் பார்த்தார்கள். பலருக்கு அது சலிப்பாகவே முடிந்திருக்கும் என்று ஊகிக்கிறேன்.

பௌத்தத்தைத் தழுவிய சிகிச்சை இது ஒன்றே அல்ல. தற்கொலை எண்ணத்தோடு போராடும் பெண்களுக்காக மார்ஷா லினெஹன் வகுத்த சிகிச்சையில் ஜென் பயிற்சியின் கூறுகள் உண்டு. ஜப்பானில் ஷோமா மொரிட்டா நூறாண்டுகளுக்கு முன்பே பதற்றத்தை அப்படியே இருக்கவிட்டு அன்றாட வேலையைப் பார்க்கச் சொல்லும் முறையை உருவாக்கினார். இவற்றைத் தனியே எழுத வேண்டும்.

தியானம் தீங்கு செய்யுமா என்ற கேள்வியை மேலை ஆய்வாளர்கள் அண்மையில்தான் முறையாகக் கேட்கத் தொடங்கினார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வு, பௌத்த தியானிகளிடம் நீண்ட நேர்காணல்கள் நடத்தி, பயம், தூக்கமின்மை, தன்னுணர்வு குலைதல் என 59 வகையான அனுபவங்களைப் பட்டியலிட்டது. மரபுக்கு இது செய்தியல்ல. பாலி நூல்களிலேயே ஒரு பயங்கரமான கதை பதிவாகியிருக்கிறது. வைசாலியில் புத்தர் உடலின் அழுக்கைத் தியானிப்பதைப் புகழ்ந்துரைத்துவிட்டுத் தனிமைக்குச் சென்றார். திரும்பி வந்தபோது துறவிகளின் கூட்டம் குறைந்திருந்தது. அருவருப்பு மிகுந்து பலர் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு முறை சொல்லுங்கள் என்று ஆனந்தர் கேட்க, மூச்சை நோக்கும் ஆனாபானசதியைப் புத்தர் கற்பித்தார். ஒருவருக்கு மருந்தாவது இன்னொருவருக்கு நஞ்சாகலாம் என்பதைத் தன் மூலநூலிலேயே ஒளிக்காமல் எழுதிவைத்த மரபு இது. அந்த மூச்சுங்கூட எல்லோருக்கும் அடைக்கலம் அல்ல. வன்முறைக்கு உள்ளானவர்களில் சிலருக்குக் கண்ணை மூடி மார்பின் அசைவைக் கவனிப்பதே பழைய பயங்கரத்தை எழுப்பிவிடும். தேர்ந்த ஆசிரியர் அவர்களைக் கண்ணைத் திறந்து வைத்திருக்கவும், கவனத்தைப் பாதங்களுக்கு மாற்றவும் சொல்வார். செயலிக்கு அது தெரியாது.

மருத்துவமனைக்குள் வந்தபோது வழியில் உதிர்ந்தவை பல. நான் என்பதே இல்லை என்ற அனாத்மக் கொள்கை, ஒழுக்கம், மறுபிறப்பு எல்லாம் வெளியே நிற்கின்றன. நோயின் துயரத்தைச் சாதாரணத் துயரமாக மாற்றித் தருவதையே ஃபிராய்டு 1895இல் தம் சிகிச்சையின் இலக்காகச் சொன்னார். அந்தச் சாதாரணத் துயரத்தைத்தான் புத்தர் முதல் வாய்மையாக எடுத்துக்கொண்டார். எனவே இலக்குகள் வேறு. உதிர்ந்ததற்காக வருந்துவோர் உண்டு. மனச்சோர்வின் விளிம்பில் நிற்பவரிடம் நீ என்று ஒருவர் இல்லை என்று சொல்லாமல் விட்டது நல்லதே என்று எனக்குப் படுகிறது.

ஆனால் உதிர்ந்தவற்றில் வேறு சில முறைகளும் போய்விட்டன. லண்டனில் பணியாற்றிய இலங்கை உளவியலாளர் பத்மல் டி சில்வா, மைண்ட்ஃபுல்னஸ் பிரபலமாவதற்கு வெகுமுன்பே, 1984இல், பாலி நூல்களில் நடத்தைச் சிகிச்சையை ஒத்த உத்திகள் நிறைய இருப்பதை எடுத்துக்காட்டினார். வேண்டாத எண்ணம் வந்தால் தச்சன் சிறு ஆப்பால் பெரிய ஆப்பைத் தட்டி வெளியேற்றுவதுபோல் நல்ல எண்ணத்தால் அதை வெளியேற்று. முடியாவிட்டால் அதன் தீமையை எண்ணு. அதுவும் முடியாவிட்டால் கவனியாதே. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கு என்று படிப்படியாகச் சொல்லும் சூத்திரம் ஒன்று உண்டு. சும்மா பார்த்துக்கொண்டிரு என்பது ஒன்றே பௌத்தத்தின் பாடம் என்று நினைப்பவர்கள் அதைப் படிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் போருக்கு நடுவே பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் எதிர்த்திசையில் போனார். மதத்தை நீக்கிய ஒரே பயிற்சியை எல்லோருக்கும் கொடுப்பதற்கு மாறாக, அவரவர் மரபில் இருந்ததையே அவரவருக்கு எடுத்துக் கொடுத்தார். சைவருக்கு ஓம் என்ற ஒலியைத் திரும்பத் திரும்பச் சொல்லுதல், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிமுக்கு இறைவனை நினைந்து ஓதும் திக்ர், பௌத்தருக்கு ஆனாபானசதி. படுத்து உடலைத் தளர்த்தும் சாந்தியாசனமும் அங்கே கற்பிக்கப்பட்டது. கொட்டிலிலும் முகாமிலும் இருப்பவரிடம் உலர்திராட்சையைக் கொடுத்துப் புதிதாகப் பார்க்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சிறுவயதில் பாட்டியின் மடியில் கேட்ட ஒலி அவரிடம் ஏற்கெனவே இருந்தது.